பத்தா, மூன்றா, ஏழா? டிஎன்ஏ வரிசைகளைக் கொத்து பிரிக்கும் கணக்கு

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் தொடங்கி அர்ஜென்டினாவின் வடக்குப் பகுதிவரை பறக்கிற ஒரு பட்டாம்பூச்சி இருக்கிறது. அறிவியல் பெயர் அஸ்ட்ராப்டஸ் ஃபுல்ஜரேட்டர். கறுத்த இறக்கை, உடம்பை ஒட்டி மின்னும் நீலம். 1775இல் அதை விவரித்துப் பெயர் வைத்தார்கள். அப்புறம் 200 ஆண்டுகளுக்கு மேல் அது ஒரே இனம் என்றுதான் எண்ணப்பட்டு வந்தது.

கோஸ்டா ரிகா நாட்டின் வடமேற்கில் குவானகாஸ்தே என்ற பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதி. அங்கே டேனியல் ஜான்சன், வினி ஹால்வாக்ஸ் என்ற இரண்டு சூழலியலாளர்கள், உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கூடச் சேர்த்துக்கொண்டு, பொறுமையான ஒரு வேலையைச் செய்துவந்தார்கள். 1978இல் தொடங்கிய வேலை அது. காட்டில் புழுவைப் பிடிக்க வேண்டும். எந்தச் செடியில் இருந்ததோ அதே செடியின் இலையைப் போட்டு வளர்க்க வேண்டும். கூட்டிலிருந்து என்ன பூச்சி வெளியே வருகிறது என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும். இப்படி எழுதிவைத்த குறிப்புகளில் இந்தப் பட்டாம்பூச்சி மட்டும் இடித்தது. வெளியே வரும் பூச்சிகளெல்லாம் ஒன்றுபோல இருந்தன. புழுக்கள் அப்படி இல்லை. நிறம் வேறு, உடம்பில் உள்ள கோலம் வேறு, தின்கிற செடியும் வேறு வேறு.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் இருந்த பால் ஹெபர்ட்டும் இவர்களும் சேர்ந்து, நானூற்றுக்கும் மேற்பட்ட பூச்சிகளிலிருந்து டிஎன்ஏ எடுத்து, ஒரு குறிப்பிட்ட மரபணுவின் சுமார் 650 எழுத்துகளைப் படித்தார்கள். அந்த வரிசைகளை ஒற்றுமை பார்த்துப் பிரித்தபோது அவை கொத்துக் கொத்தாக விழுந்தன. புழுவின் நிறத்தையும் செடியையும் அவற்றோடு சேர்த்து வைத்துப் பார்த்து, 2004இல் அவர்கள் சொன்ன முடிவு: இது ஒரே இனம் இல்லை, பத்து இனங்கள்.

இரண்டே ஆண்டுகளில் ஆண்ட்ரூ பிரோவர் என்ற ஆய்வாளர் அதே வரிசைகளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார். குறைந்தது மூன்று இனம் இருக்கலாம், ஏழுக்கு மேல் சொல்ல முடியாது என்றார்.

படித்தது ஒரே எழுத்துகள்தான். பிறகு எண்ணிக்கை எப்படி மாறுகிறது? இதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால், ஒற்றுமையை வைத்துக் கணினி எப்படிக் கொத்து பிரிக்கிறது என்பது தெரிய வேண்டும். ஆங்கிலப் பெயரில் கிளஸ்டரிங். பெயர் பெரிதாகத் தோன்றினாலும், நம் வீட்டில் நடக்கிற ஒரு வேலையிலிருந்தே இதைப் பிடித்துவிடலாம்.

மொய் நோட்டில் தொடங்கலாம்

எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டு மேசையில் மொய் எழுதினார்கள். இரண்டு நோட்டையும் கணினியில் ஏற்றி ஒரே பட்டியலாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. முதல் பக்கத்திலேயே சிக்கல். ஒரு வரியில் சுப்பிரமணியன், இன்னொரு வரியில் சுப்ரமணியன், வேறொரு பக்கத்தில் சுப்ரமணியம், நான்காவதாகச் சுப்ரமணி. இது ஒருவரா, இரண்டு பேரா, நாலு பேரா?

எழுத்து கொஞ்சம் மாறினால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ளலாம் என முதலில் தோன்றியது. சரி, எவ்வளவு மாறினால் ‘கொஞ்சம்’? கண்டிப்பாக இருந்தால் ஒரே ஆள் நாலு ஆளாகிவிடுவார். தாராளமாக இருந்தால் நாலு பேர் ஒரே ஆளாகிவிடுவார்கள், மூன்று பேருக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய மொய் பட்டியலில் இருந்தே காணாமல் போகும். கடைசியில் நோட்டைத் தூக்கிக்கொண்டு அத்தையிடம் போனேன். “மணியனும் மணியமும் ஒரே ஆளுதான், மேலத்தெரு. இந்த சுப்ரமணி வேற, அவரு நம்ம தாத்தாவோட கூடப் படிச்சவரு மகன்” என்று இரண்டே நிமிடத்தில் தீர்த்துவைத்தார்.

கொத்து பிரிக்கும் வேலையின் மூன்று கேள்விகளும் இதில் வந்துவிட்டன. இரண்டு வரிகளுக்கு நடுவில் உள்ள தூரத்தை எப்படி அளப்பது? எவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் ஒரே கொத்து? வந்த கொத்து சரிதானா என்று யாரைக் கேட்பது? டிஎன்ஏவுக்கும் இவைதான் கேள்விகள். கணினி முதல் கேள்வியை அபாரமாகச் செய்யும். இரண்டாவதற்கு நாம் ஒரு எண் கொடுத்தால் அதன்படி நடக்கும். மூன்றாவதற்கு அதனிடம் பதில் இருக்காது.

நான்கு எழுத்து மொழி

டிஎன்ஏ என்பது நான்கே வேதிப்பொருள்கள் திரும்பத் திரும்ப வரும் ஒரு நீளமான சங்கிலி. அடினின், சைட்டோசின், குவானின், தைமின். இங்கே வசதிக்காக அ, ச, க, த என்று ஒற்றை எழுத்தாகவே எழுதுகிறேன். மனிதனின் ஒரு தொகுதி டிஎன்ஏவில் இப்படிச் சுமார் 300 கோடி எழுத்துகள். ஒரு உயிரினத்தை அடையாளம் காண அத்தனையும் படிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான விலங்குகளில் இருக்கிற, ஆனால் இனத்துக்கு இனம் ஓரளவு மாறுகிற ஒரு சின்னப் பகுதி போதும். மேலே சொன்ன 650 எழுத்து அப்படிப்பட்ட பகுதிதான். கடைப் பொருளின் பார்கோடு போல இது உதவும் என்று ஹெபர்ட் குழு 2003இல் முன்வைத்ததால் டிஎன்ஏ பார்கோடிங் என்ற பெயரே நிலைத்துவிட்டது. பாக்டீரியாவுக்கு வேறொரு பகுதி: 16எஸ் எனப்படும், சுமார் 1,500 எழுத்து நீளமுள்ள மரபணு.

இரண்டு வரிசைகளுக்கு நடுவில் தூரம் அளக்க மிக எளிய வழி, ஒன்றின் கீழ் ஒன்றை எழுதி எத்தனை இடத்தில் எழுத்து மாறுகிறது என்று எண்ணுவது. இருபது எழுத்தில் ஒன்று மாறினால் 95 சதவீத ஒற்றுமை. இதில் ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். மொத்தமே நான்கு எழுத்துதான் என்பதால், எந்தச் சொந்தமும் இல்லாத இரண்டு வரிசைகளும் தற்செயலாகவே ஏறத்தாழ நான்கில் ஒரு இடத்தில் ஒத்துப்போகும். ஆகவே 25 சதவீத ஒற்றுமை என்றால் ஒற்றுமையே இல்லை என்றுதான் பொருள். பூஜ்யத்தில் இருந்து எண்ணக் கூடாது.

எளிய வழிக்கு ஒரு பலவீனம் உண்டு. டிஎன்ஏவில் எழுத்து மாறுவது மட்டுமில்லை, விழுந்தும் போகும், புதிதாக நுழைந்தும் விடும். அதகசதஅகத என்ற வரிசையில் முதல் எழுத்து மட்டும் விழுந்து தகசதஅகத என்று ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழுமாக எழுதி இடத்துக்கு இடம் ஒப்பிட்டால் ஏழு இடத்திலும் பொருந்தாது. ஆனால் நடந்தது ஒரே ஒரு மாற்றம். கீழ் வரிசையை ஓரிடம் தள்ளி வைத்தால் ஏழும் கச்சிதமாகப் பொருந்திவிடும்.

எங்கே இடைவெளி விட்டால் அதிகம் பொருந்தும் என்று கண்டுபிடிப்பதற்கு ‘அலைன்மென்ட்’ என்று பெயர். 1970இல் சால் நீடில்மன், கிறிஸ்டியன் வுன்ஷ் இருவரும் இதற்கு ஒரு கட்டக் கணக்கு கொடுத்தார்கள். ஒரு வரிசையை மேலே குறுக்காகவும் இன்னொன்றை ஓரத்தில் நெடுக்காகவும் எழுதி, நடுவில் உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் ‘இதுவரை வந்ததில் மிக நல்ல பொருத்தம் எவ்வளவு’ என்று நிரப்பிக்கொண்டே போவது. கடைசிக் கட்டத்தை எட்டும்போது, சாத்தியமான எல்லா இடைவெளிகளையும் சோதித்த பலன் கிடைத்துவிடும். தப்பாத முறை. ஆனால் 650 எழுத்துக்கு 650 எழுத்து என்றால் 4,22,500 கட்டங்கள். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நான்கு வரிசை, மூன்று பதில்

இப்போது பிரித்துப் பார்ப்போம். கீழே இருபது எழுத்து கொண்ட நான்கு வரிசைகள். படிக்க வசதியாக ஐந்தைந்தாக இடம் விட்டிருக்கிறேன்.

முதலாவது: அதகசத அகததச அசகதஅ கதசஅக
இரண்டாவது: அதஅசத அகததச அசகதஅ கதசஅக
மூன்றாவது: அதஅசத அகசதச அசககஅ கதசஅக
நான்காவது: அதஅசத அகசதச அசககஅ கஅசஅத

ஒரு பென்சிலை எடுத்து நீங்களே எண்ணிப் பாருங்கள். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் ஒரு எழுத்து வித்தியாசம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இரண்டு. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இரண்டு. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் மூன்று. இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் நான்கு. முதலாவதுக்கும் நான்காவதுக்கும் ஐந்து.

கட்-ஆஃப் 90 சதவீதம் என்று வைப்போம். அதாவது இரண்டு எழுத்துவரை மாறலாம். எத்தனை கொத்து?

ஒரு வழி: கொத்தில் உள்ள யாராவது ஒருவருக்கு நெருக்கமாக இருந்தால் போதும், உள்ளே வா. அப்படியானால் முதலாவதைப் பிடித்து இரண்டாவது வரும், இரண்டாவதைப் பிடித்து மூன்றாவது வரும், மூன்றாவதைப் பிடித்து நான்காவது வரும். நான்கும் ஒரே கொத்து. இதன் ஆபத்து உடனே தெரிகிறது. முதலாவதுக்கும் நான்காவதுக்கும் 75 சதவீத ஒற்றுமைதான், ஆனாலும் ஒரே வீட்டில் உட்கார்ந்திருக்கின்றன. சுப்பிரமணியனில் தொடங்கி ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து மணியில் போய் முடிகிற மாதிரி.

இன்னொரு வழி: கொத்தில் உள்ள எல்லோருக்குமே நெருக்கமாக இருந்தால்தான் உள்ளே வரலாம். இப்போது முதலில் ஒன்றும் இரண்டும் சேரும், அப்புறம் மூன்றும் நான்கும் சேரும், இரண்டு கொத்துகளோடு நின்றுவிடும். இதற்கு நடுவே சராசரி தூரத்தைப் பார்க்கிற வழி ஒன்று உண்டு. 1958இல் ராபர்ட் சோகல், சார்லஸ் மிச்னர் இருவரும் தேனீக்களின் உடலமைப்பை ஒப்பிடும் வேலையிலிருந்து கொடுத்த முறை அது. நம் நான்கு வரிசைக்கு அதுவும் இரண்டு கொத்து என்றே சொல்லும்.

மூன்றாவது வழிதான் இன்று பெரிய வேலைகளில் அதிகம் ஓடுகிறது. அதில் எல்லோரையும் எல்லோரோடும் ஒப்பிடுவதே இல்லை. வரிசையில் முதலில் நிற்பவரைத் தலைவராக்கு. அடுத்து வருபவர் தலைவருக்கு நெருக்கம் என்றால் அவர் கொத்தில் போடு. இல்லையென்றால் அவரையே புதுத் தலைவராக்கு. இப்படியே கடைசி ஆள்வரை. பேராசை முறை என்று இதைச் சொல்வார்கள். அப்போதைக்கு எது லாபமோ அதைச் செய்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவதால் அந்தப் பெயர். நம் முதலாவது வரிசையைத் தலைவராக்கித் தொடங்கினால் ஒன்றும் இரண்டும் ஒரு கொத்து, மூன்றும் நான்கும் இன்னொரு கொத்து. அதே பட்டியலை இரண்டாவது வரிசையிலிருந்து தொடங்கிப் பாருங்கள். முதலாவதும் மூன்றாவதும் இரண்டாவதன் கொத்துக்குள் வந்துவிடும், நான்காவது தனியாக நிற்கும்.

எழுத்துகள் மாறவில்லை, கட்-ஆஃபும் மாறவில்லை. யார் முதலில் நின்றார் என்பது மட்டும் மாறியது, கொத்து மாறிவிட்டது. நான் இதைப் படித்த நாளில் எனக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது. கணினி சொன்னால் ஒரே பதில்தான் சொல்லும் என்ற நம்பிக்கை அங்கேதான் விட்டுப்போனது.

அதனால்தான் யாரை முதலில் நிறுத்துவது என்பதற்கு யோசித்து ஒரு விதி வைத்திருக்கிறார்கள். 2001இல் புரதங்களுக்காக எழுதப்பட்டு, பிறகு டிஎன்ஏவுக்கும் வந்த சிடி-ஹிட் என்ற நிரல் நீளமானதை முதலில் நிறுத்தும். பாக்டீரியா வேலைகளில் வேறு விதி: எது அதிகத் தடவை வந்திருக்கிறதோ அது முதலில். இந்த இரண்டாவது விதி எனக்கு மிகவும் பிடிக்கும், அதில் நல்ல யோசனை இருக்கிறது. டிஎன்ஏ படிக்கும் கருவி சில இடங்களில் எழுத்தைத் தப்பாகப் படித்துவிடும். உண்மையான வரிசை ஆயிரம் தடவை வந்திருக்கும். தப்பாகப் படித்தது ஒன்றிரண்டு தடவைதான் வரும். ஆயிரம் தடவை வந்ததைத் தலைவராக்கினால், அதன் தப்பான நகல்களெல்லாம் தாமாகவே அதன் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

லட்சம் பேர் வந்தால் என்ன செய்வது?

அந்த 4,22,500 கட்டத்துக்கு வருவோம். ஒரு லட்சம் வரிசைகளை எல்லாரையும் எல்லாரோடும் ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 500 கோடி ஜோடிகள். நொடிக்கு 100 கோடிக் கட்டம் நிரப்புகிற கணினி என்று வைத்துக்கொண்டால், இரவு பகலாக 24 நாள் ஓட வேண்டும். வரிசைகள் பத்து லட்சமானால் பத்து மடங்கு இல்லை, நூறு மடங்கு வேலை: ஆறரை ஆண்டுக்கு மேல். ஒரு கைப்பிடி மண்ணையோ கொஞ்சம் குளத்து நீரையோ இன்றைய கருவியில் கொடுத்தால் பல லட்சம் வரிசைகளாகத் திருப்பித் தரும். அத்தனைக்கும் கட்டம் நிரப்பிக்கொண்டு உட்கார முடியாது.

எனவே ஒப்பிடுவதற்கு முன்பே, ஒப்பிடத் தேவையே இல்லாத ஜோடிகளைத் தள்ளிவிட வேண்டும். இதற்கு ஒரு அழகான தந்திரம் இருக்கிறது. ஒவ்வொரு வரிசையையும் சின்னச் சின்ன ‘சொற்களாக’ வெட்டிக்கொள்வது. மூன்றெழுத்துச் சொல் என்றால் நம் முதலாவது வரிசை அதக, தகச, கசத, சதஅ, தஅக என்று ஓரெழுத்து ஓரெழுத்தாக நகர்ந்து 18 சொற்களாகும். இரண்டாவது வரிசையில் மூன்றாம் எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. அதன் சொற்கள் அதஅ, தஅச, அசத, சதஅ, தஅக என்று போகும். முதல் மூன்று சொற்கள்தான் மாறின, நான்காவதிலிருந்து அப்படியே இருக்கின்றன.

ஒரு எழுத்து மாறினால் அதிகபட்சம் மூன்று சொற்கள் கெடும். இரண்டு எழுத்து மாறினால் அதிகபட்சம் ஆறு. ஆகவே இந்த இருபது எழுத்து வரிசைகளில் இரண்டு எழுத்துக்குள் மாறிய எந்த ஜோடிக்கும் குறைந்தது 12 சொற்கள் பொதுவாக இருந்தே ஆக வேண்டும். பொதுச் சொல் ஐந்தோ ஆறோதான் என்றால், கட்டம் போட்டுப் பார்க்கவே வேண்டாம், அந்த ஜோடி ஒட்டாது. சொற்களை எண்ணுவது கணினிக்கு நொடியில் ஆகிற வேலை. இருக்கிற ஜோடிகளில் பெரும்பாலானவை இந்த வாசலைத் தாண்டாது. உண்மையான ஒப்பீடு மிஞ்சிய சிலவற்றுக்கு மட்டும்.

இந்தத் ‘துண்டு துண்டாக ஒப்பிடும்’ யோசனைக்குக் இன்றைய நிரல்களுக்கு முந்தைய ஒரு பெரிய சாட்சி இருக்கிறது, அதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 1970களில் முழு வரிசையையும் படிப்பது மிகக் கடினம். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வூஸ், 16எஸ் மரபணுவிலிருந்து நகலாகும் ஆர்என்ஏவை ஒரு நொதியால் ‘க’ வருகிற இடங்களிலெல்லாம் வெட்டி, கிடைத்த துண்டுகளை மட்டும் படித்துப் பட்டியல் போட்டார். பிறகு, இரண்டு உயிர்களின் பட்டியலில் எவ்வளவு துண்டு பொதுவாக இருக்கிறது என்று ஓர் எண்ணாகக் கணக்கிட்டார். மீத்தேன் வெளியிடும் சில நுண்ணுயிர்களைப் பாக்டீரியா என்றுதான் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். அவை தமக்குள் ஒத்துப்போயின, மற்ற பாக்டீரியாக்களோடு ஒத்துப்போகவில்லை. 1977இல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் அதை வெளியிட்டார்கள். பாக்டீரியா ஒரு கொத்து, செடி விலங்கு பூஞ்சை எல்லாம் ஒரு கொத்து, இவை மூன்றாவது கொத்து. இன்று ஆர்க்கியா என்று பாடப்புத்தகத்தில் வருகிற உயிரினப் பிரிவு, ஒரு ஒற்றுமைப் பட்டியலில் தனியாக விழுந்த கொத்தாகத்தான் முதலில் கண்ணில் பட்டது.

முழு மரபணுத் தொகுதிகளை, அதாவது ஓர் உயிரின் மொத்த டிஎன்ஏவையும், கொத்து பிரிக்க வேண்டுமென்றால் சொற்களின் எண்ணிக்கையே லட்சக்கணக்கில் போய்விடும். அங்கே கைகொடுத்தது இணையத் தேடலில் பிறந்த ஒரு வழி. 1997இல் ஆல்டாவிஸ்டா தேடுபொறிக்காக, கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கிற இணையப் பக்கங்களைக் கண்டுபிடிக்க ஆண்ட்ரே பிரோடர் யோசித்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே விதிப்படி ஓர் எண் கொடுத்து, அவற்றில் மிகச் சிறிய ஆயிரம் எண்களை மட்டும் வைத்துக்கொள்வது. இரண்டு தொகுதிகளுக்கும் அந்த ஆயிரத்தில் எத்தனை பொதுவோ, அதிலிருந்து மொத்த ஒற்றுமையை மதிப்பிட்டுவிடலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதுவேதான். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: எல்லாப் பானையிலும் ஒரே விதியால்தான் சோற்றை எடுக்க வேண்டும். 2016இல் வந்த மாஷ் என்ற நிரல், அப்போது அமெரிக்கப் பொதுத் தரவகத்தில் இருந்த 54,118 மரபணுத் தொகுதிகளை இந்த வழியில் 33 மணி நேரக் கணினி உழைப்பில் கொத்து பிரித்துக் காட்டியது.

அந்த எண் எங்கிருந்து வந்தது?

வேகம் தீர்ந்த பிரச்சினை. கட்-ஆஃப் தீராத பிரச்சினை.

பாக்டீரியா ஆய்வுகளைப் படித்தால் 97 சதவீதம் என்ற எண் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். 16எஸ் வரிசைகளை 97 சதவீத ஒற்றுமையில் கொத்து பிரித்து, ஒவ்வொரு கொத்தையும் ஓர் இனம்போல எண்ணுவது பல ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. இந்த எண் 1994இல் எர்கோ ஷ்டாக்கெப்ராண்ட், ப்ரெட் கேபல் இருவரும் எழுதிய ஒரு கட்டுரைக்குப் போய்ச் சேரும். அதற்கு முன்பு இரண்டு பாக்டீரியாக்கள் ஒரே இனமா என்று பார்க்க, அவற்றின் மொத்த டிஎன்ஏவையும் கலந்து, எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது என்று அளப்பார்கள். 70 சதவீதமாவது ஒட்டினால் ஒரே இனம். 16எஸ் ஒற்றுமை 97க்குக் கீழே போன ஜோடிகள் இந்த 70ஐ எட்டுவதில்லை என்று அவர்கள் கண்டார்கள்.

நன்றாகக் கவனியுங்கள். 97க்குக் கீழே என்றால் வேறு இனம், ஆகவே பழைய சிரமமான சோதனையைச் செய்ய வேண்டாம். அவர்கள் சொன்னது அவ்வளவுதான். 97க்கு மேலே என்றால் ஒரே இனம் என்று சொல்லவில்லை; அங்கே பழைய சோதனையைச் செய்து பார்க்கத்தான் வேண்டும் என்றார்கள். ஆனால் ஒரு பக்கத்துக்கு மட்டும் போட்ட வேலி, கைமாறிக் கைமாறி, இரண்டு பக்கத்துக்கும் எல்லை ஆகிவிட்டது. 1,500 எழுத்தில் 3 சதவீதம் என்பது 45 எழுத்து. அந்த 45 எழுத்து இடைவெளிக்குள் வெவ்வேறு இனங்கள் பல தாராளமாக ஒளிந்துகொள்ளும். இதனால் பின்னாளில் வேறு வழிகள் வந்தன. 2016இல் வெளியான டாடா2 என்ற நிரல் சதவீதத்தையே விட்டுவிட்டது. கருவி எந்தெந்த எழுத்தை எவ்வளவு தப்பாகப் படிக்கிறது என்பதை முதலில் கற்றுக்கொண்டு, ஓரெழுத்து வித்தியாசம் உண்மையா, படிப்புப் பிழையா என்று ஒவ்வொன்றாக முடிவு செய்கிறது.

கேள்வி மாறினால் கட்-ஆஃபும் மாறும் என்பதற்கு ஹைட்டியைச் சொல்ல வேண்டும். 2010 அக்டோபரில் அங்கே காலரா வெடித்தது. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். அந்தக் கிருமியின் மரபணுத் தொகுதி சுமார் 40 லட்சம் எழுத்து. உலகில் எங்கே எடுத்தாலும் இந்தக் காலராக் கிருமிகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம். 97 என்ன, 99 சதவீதம் வைத்தால்கூட எல்லாம் ஒரே கொத்தில் விழும், ஒரு பயனும் இல்லை. நேபாளத்தில் எடுத்த 24 கிருமி மாதிரிகளை 2011இல் ஹைட்டிக் கிருமிகளோடு முழுத் தொகுதி அளவில் ஒப்பிட்டார்கள். மூன்று நேபாள மாதிரிகளும் மூன்று ஹைட்டி மாதிரிகளும் ஒரே கொத்தில் வந்தன. அவற்றுக்குள் வித்தியாசம் ஒன்றோ இரண்டோ எழுத்து. ஐ.நா. அமைதிப்படையின் நேபாள முகாம் இருந்த ஓடையை ஒட்டித்தான் முதல் நோயாளிகள் தென்பட்டார்கள் என்று வேறொரு குழு களத்தில் நடந்து போய்க் கண்டறிந்திருந்தது. கொத்தும் ஓடையும் ஒரே இடத்தைக் காட்டியதால்தான், கிருமி நேபாளத்திலிருந்து அந்த முகாம் வழியாக வந்தது என்ற முடிவுக்கு அத்தனை பலம் வந்தது. 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச் செயலாளர் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

மறுபடி குவானகாஸ்தே

இப்போது அந்தப் பட்டாம்பூச்சிக்குத் திரும்பினால் பத்தும் ஏழும் மூன்றும் புதிராகத் தெரியாது. அந்தக் கொத்துகளில் சில ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி நிற்கின்றன. எந்த முறையில் பிரித்தாலும் அவை பிரிந்தே வரும். வேறு சிலவற்றுக்கு நடுவில் ஒரு சதவீத வித்தியாசம்கூட இல்லை. 2 சதவீதம் என்று ஒரு கட்-ஆஃப் போட்டால் அவையெல்லாம் ஒன்றாகிவிடும். வரிசைகளை மட்டும் நம்பினால் பிரோவர் சொன்ன எண்ணிக்கைக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டிவரும்.

ஜான்சன் குழுவிடம் வரிசைகள் மட்டும் இருக்கவில்லை. எந்தப் பூச்சி எந்தப் புழுவாக இருந்தது, அது எதைத் தின்றது என்ற குறிப்பேடு இருந்தது. சின்ன வித்தியாசமே உள்ள இரண்டு கொத்துகளில் ஒன்றின் புழுக்கள் ஒரு செடியிலும், மற்றதன் புழுக்கள் இன்னொரு செடியிலும் இருந்தன என்றால், அந்தச் சின்ன வித்தியாசத்துக்குக் கனம் கூடுகிறது. கொத்துகளுக்கு அவர்கள் வைத்த தற்காலிகப் பெயர்களே அதைச் சொல்லும். ட்ரைகோனியா செடியைத் தின்றது ட்ரைகோ, செல்டிஸ் மரத்தைத் தின்றது செல்ட். என் அத்தை ‘மேலத்தெரு’ என்று சொன்னதும் நோட்டில் இரண்டு வரி ஒன்றானதே, அதன் மறுபக்கம் இது. இங்கே செடியின் பெயரைச் சொன்னதும் ஒரு வரி இரண்டாகிறது. என் தனிப்பட்ட அபிப்பிராயத்தைக் கேட்டால், எண்ணிக்கையில் பிரோவரின் கண்டிப்பு நியாயம்தான், அந்தச் சந்தேகம் இல்லாமல் அறிவியல் நகராது. ஆனால் 25 ஆண்டுகளுக்கு மேல் புழு வளர்த்தவர்களின் குறிப்பேட்டை ஒதுக்கிவைத்துவிட்டு 650 எழுத்தை மட்டும் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீங்களே செய்து பார்க்க விரும்பினால் வீசர்ச் என்ற நிரல் இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது, சாதாரண மடிக்கணினியில் ஓடும். பொதுத் தரவகங்களிலிருந்து சில ஆயிரம் வரிசைகளை இறக்கிக்கொள்ளுங்கள். கட்-ஆஃபை 97இல் வைத்து ஒருமுறை, 98இல் ஒருமுறை, 99இல் ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு வரிசைகளின் ஒழுங்கைக் கலைத்துப் போட்டு, கலைத்த ஒழுங்கே நிற்கும்படி செய்து இன்னொரு முறை. ஒவ்வொரு தடவையும் எத்தனை கொத்து வந்தது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். எந்தக் கொத்து எல்லாத் தடவையும் உடையாமல் வருகிறது, எது ஒவ்வொரு தடவையும் உடைந்து உடைந்து சேர்கிறது என்று பாருங்கள். உடைகிற கொத்துகளைக் குறித்துக்கொண்டு, அந்த மாதிரிகளை எந்த ஊரில், எந்தச் செடியில், எந்த மாதத்தில் எடுத்தார்கள் என்று தரவகக் குறிப்பில் தேடுங்கள்.